கரை ஏறட்டும் சக்கரம்

மாலை ஐந்தரை மணி. பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் காலடித் தட்டில் எடுத்துவைத்து, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் மடியில் செருகிவிட்டுத் தெருவில் இறங்கினோம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போடா. காத்து வாங்கி எவ்வளவு நாளாச்சு!"

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதி எங்களுடையது. அவற்றில் ஒன்றுக்குத்தான் கிளம்பினோம். கால் நன்றாக இருப்பவருக்குப் பத்து நிமிட நடை. எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

முதல் சிக்கல் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் வீட்டை உயர்த்திக் கட்டாதவர்கள் குறைவு. உயர்த்திய வாசலிலிருந்து தெருவுக்கு வண்டி இறங்க ஒரு சிமென்ட் சரிவு போடுகிறோம். ஸ்கூட்டர் இறங்கும் அந்தச் சரிவில் சக்கர நாற்காலியை நேராக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் கவிழ்ந்துவிடுவார். அதனால் நாற்காலியைத் திருப்பி, நான் பின்பக்கமாக நடந்து, ஒவ்வொரு அடியாக இறக்கினேன். அடுத்தது மழைநீர் வடிகால். மூடிபோட்ட வடிகாலின் மேல்பக்கம்தான் எங்கள் தெருவில் நடைபாதை. இரண்டு சிமென்ட் பலகைகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி. பின்சக்கரம் பெரியது, தாண்டிவிடும். முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் அதில் இறங்கி மாட்டிக்கொண்டது. பெரியம்மாவின் உடம்பு ஒரு குலுக்கலில் முன்னால் சாய, தோளைப் பிடித்து நிறுத்தினேன். அதன் பிறகு நடைபாதையை விட்டுவிட்டு நடுத்தெருவிலேயே போனோம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போயின.

ஒருவழியாகக் கரையடிக்கு வந்தோம். எதிரே பன்னிரண்டு படி. பக்கத்தில் ஆட்கள் ஏறி ஏறித் தேய்ந்த செங்குத்தான மண்சரிவு. படிக்கு மேலே மூன்று இரும்புக் கம்பங்கள்.

ஏரியைக் கீழிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கரைக்குக் கீழே நிற்பவருக்குத் தண்ணீர் தெரியாது, கரைதான் தெரியும்.

"தண்ணி இருக்காடா?" என்று கேட்டார். நான் படியேறிப் பார்த்தேன். "நிறைய இருக்கு பெரியம்மா. கூழைக்கடா ரெண்டு நிக்குது."

"சரி, நீ பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

அந்தப் பதிலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரைக்காக அளவுநாடாவோடு இந்தப் பகுதியைச் சுற்றத் தொடங்கியது அதற்கு மறுநாள்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பாதை

சக்கர நாற்காலிக்கு நல்ல நடைபாதை என்றால் என்ன? சமமான தளம் வேண்டும், போதுமான அகலம் வேண்டும், வழியில் வண்டித் தொல்லை இருக்கக் கூடாது. மலை ஊர்களில் அப்படி ஒரு பாதை அமைக்கப் பாறையை வெட்ட வேண்டியிருக்கும். தென்சென்னைப் புறநகரில் அந்தப் பாடு இல்லை. நம் முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைப் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏரிக்கரைகளைத்தான் சொல்கிறேன்.

ஏரிக்கரையின் மேல்மட்டம் ஏன் சமமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும். கரையில் ஓர் இடம் ஓரடி தாழ்ந்திருந்தாலும் பெருமழையில் ஏரி அங்கேதான் உடையும். அதனால் கரை கட்டிய ஒவ்வொரு தலைமுறையும் அதன் தலையை மட்டம் பார்த்தே வைத்திருந்தது. மதகைத் திறந்து தண்ணீர் விடுபவர் நடக்கவும், உடைப்பு வந்தால் மண்மூட்டை கொண்டுவரவும் அகலமும் விட்டார்கள். உபரிநீர் வழியும் கலங்கல் இருக்கும் இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் ஏற்ற இறக்கமே இல்லாத பாதை. சக்கர நாற்காலிக்காரர் கேட்பதும் அதையேதான்.

சிட்லபாக்கம் பெரிய ஏரியின் கதை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தது. எண்பது ஏக்கருக்கு மேல் பரந்திருந்த ஏரி, ஆக்கிரமிப்பிலும் சாலையிலும் கட்டடங்களிலும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. ஒரு பகுதி குப்பைக் கிடங்காகவே கிடந்தது. 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோது, வறண்டு கிடந்த இந்த ஏரியில் மண்வெட்டியோடு இறங்கியவர்கள் இங்கே குடியிருப்பவர்கள். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்போர் குழு விடாமல் போராடியது. அதன் பிறகே அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது. கரை பலப்பட்டது, நடைபாதை வந்தது. பக்கத்துச் செம்பாக்கம் ஏரியையும் தொண்டு நிறுவனங்கள் கைகொடுத்து மீட்டன. செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒவ்வொரு ஏரியாக நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதியை 2022-இல் பெற்ற சதுப்புநிலம் அது.

இந்த ஏரிச் சங்கிலியை நீர்வழியாக மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். அதை நடைவழியாகவும் பார்க்கலாம். ஒவ்வொரு கரையின் மேலும் சக்கர நாற்காலி ஓடினால், நீளமான தடையற்ற நடைபாதைகள் தாம்பரம் மாநகராட்சிப் பக்கம் கிடைத்துவிடும். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. கரைமேல் பாதை பாதி ஏற்கெனவே இருக்கிறது. கீழிருந்து மேலே ஏறுவதற்குத்தான் வழி இல்லை.

இருபத்தேழு மீட்டர் கணக்கு

நாங்கள் போன கரை தெருமட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம். அதில் ஏற எவ்வளவு நீளச் சாய்தளம் வேண்டும்? இந்தியாவில் ஏற்கப்பட்ட கணக்கு 12-க்கு 1. அதாவது ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம். 2 மீட்டருக்கு 24 மீட்டர். 75 சென்டிமீட்டர் ஏறியதும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். அப்படி இரண்டு தளம் விட்டால் மொத்தம் 27 மீட்டர். ஒரு பேருந்தின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. கரையோரமாகவே, கரைக்கு இணையாக ஏற்றிவிட்டால் தெருவில் ஓரடி இடம்கூட அதிகம் போகாது.

இதைச் செய்யாமல் படிக்குப் பக்கத்தில் இரண்டடி அகலத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் போட்டுவிட்டுச் 'சாய்தளம் உண்டு' என்று கோப்பில் எழுதுவது எங்கும் நடக்கிறது. வங்கி, ரேஷன் கடை, கல்யாண மண்டபம் என எல்லா இடத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சரிவில் இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்தால்தான் நாற்காலி ஏறும். தனியாக வருபவர் ஏறவே முடியாது. என்னைக் கேட்டால், அது இல்லாமல் இருப்பதே மேல். இல்லாவிட்டால் 'வேண்டும்' என்றாவது கேட்க முடியும்.

அளவுநாடாவோடு சுற்றியபோது இன்னொன்றையும் கண்டேன். கரையில் தண்ணீர்ப் பக்கம் கைப்பிடிச் சுவர் கட்டும்போது நிற்பவரின் இடுப்பை மனத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மூன்றரை அடிச் சுவர் எழுப்பினால் அதன் விளிம்பு அவருடைய கண்ணுக்குச் சற்றே கீழே நிற்கும், கரையோரத் தண்ணீர் மறைந்துவிடும். கரை ஏறியும் ஏரியை முழுதாகப் பார்க்க முடியாது. சுவருக்குப் பதில் கம்பி வேலி போட்டால் போதும். பெஞ்சுக்கும் இது பொருந்தும். வரிசையாகப் பெஞ்ச் போடும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாற்காலி நிற்கிற இடம் விட்டால், சக்கர நாற்காலியில் இருப்பவர் பாதை நடுவே நிற்காமல் தன் சிநேகிதியின் பக்கத்திலேயே இருந்து பேசலாம்.

தளமும் முக்கியம். பேவர் பிளாக் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் கல் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அதன்மேல் அரை கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள், தள்ளுபவரின் மணிக்கட்டும் உட்கார்ந்திருப்பவரின் முதுகும் இரவு முழுக்க வலிக்கும். நன்கு இறுகிய மண் அதைவிட எவ்வளவோ நல்லது.

கம்பத்தின் வழக்கு

ஏரிக்கரையிலும் பூங்கா வாசலிலும் இரும்புக் கம்பம் நடுகிறார்களே, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கம்பம் இல்லாவிட்டால் பைக்குகள் கரையில் பறக்கும். காலையில் நடக்க வரும் பெரியவர்கள் ஒதுங்க இடமின்றித் தவிப்பார்கள். மாடும் வரும். நடப்பவர்களே கேட்டு வாங்கிய கம்பம்தான் அது.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. சாதாரணச் சக்கர நாற்காலி 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலம். கையால் சக்கரத்தை உருட்டுபவருக்கு முழங்கை இடிக்காமல் போக 90 வேண்டும். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமும் ஏறக்குறைய 70. நாற்காலி நுழையும் வழியில் ஸ்கூட்டரும் நுழையும். ஸ்கூட்டரைத் தடுத்தால் நாற்காலியும் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு கதவு வைத்துப் பூட்டிச் சாவியைக் காவலரிடம் கொடுப்பது வழக்கம். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் போய்ப் பாருங்கள், அரைமணி நேரம் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். தினமும் ஒருவரைக் கூப்பிட்டு, 'ஐயா, கொஞ்சம் திறந்துவிடுங்க' என்று கெஞ்சித்தான் நடக்கப் போக வேண்டும் என்றால் எத்தனை நாள் போவோம்?

இதில் என் முடிவு தெளிவு. 90 சென்டிமீட்டர் வழி விட வேண்டும். கரைக்குள் வரும் பைக்கை அபராதத்தாலும் நடப்பவர்களின் கண்டிப்பாலும் நிறுத்தலாம். வாசலில் நிறுத்தப்பட்ட நாற்காலிக்கு வேறு வழியே இல்லை.

மெரினாவில் நடந்தது

முடியாது என்று சொல்பவர்களுக்கு மெரினாவைக் காட்டலாம். கடல் மணலில் சக்கர நாற்காலி ஓரடிகூட நகராது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பேரில், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டுப் பிறகு எடுத்துவிடுவார்கள். வருடத்துக்குச் சில நாள் கடல்! அதையும் தாண்டித் தொடர்ந்து கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபாய் செலவு. வாழ்நாளில் முதல்முறையாக அலையில் கால் நனைத்தவர்களின் படங்களை அன்றைய செய்தித்தாள்களில் பார்த்தோம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கப் பகுதி பெயர்ந்துபோனது. அத்தோடு கைவிடாமல் சென்னை மாநகராட்சி அதைச் சரிசெய்து மீண்டும் திறந்தது. பெசன்ட் நகர் கடற்கரையிலும் இப்போது அப்படி ஒரு பாதை இருக்கிறது.

நல்லது. சிட்லபாக்கத்திலிருந்து பெரியம்மா அங்கே எப்படிப் போவார்? மின்சார ரயிலில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே உயரமும் இடைவெளியும் இருக்கிறது. மெட்ரோவில் நாற்காலியோடு நேராக ஏறலாம், ஆனால் அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. தாழ்தளப் பேருந்துகளை நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் வாங்கினார்கள். 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் அவை ஓடத் தொடங்கின. எல்லாத் தடத்திலும் அவை வரும்வரை, நாற்காலியோடு போக ஆட்டோ பிடித்துத் தூக்கி ஏற்றித் தூக்கி இறக்க வேண்டும். அதனால்தான் வீட்டுப் பக்கத்து ஏரிக்கரை மெரினாவைவிட முக்கியம் என்கிறேன். கடற்கரை வருடத்துக்கு ஒருமுறை. ஏரிக்கரை தினசரி மாலை.

நாற்காலி செய்பவர்கள் தங்கள் பங்கை நன்றாகவே செய்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பைக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் மூன்று சக்கர வண்டிபோல் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், ஒருமுறை சார்ஜ் செய்தால் 30 கிலோமீட்டர் வரை போகும். சென்னையிலேயே உருவான வண்டி அது. அப்பேர்ப்பட்ட வண்டியும் பன்னிரண்டு படிக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

சட்டம் சொல்லிவிட்டது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி மாற்ற ஐந்து வருடம் கெடு. அது 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி போனது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

நடைபாதைக்கென்றே ஒரு தீர்ப்பு 2025 மே 14 அன்று வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். சாலை விபத்தில் உடைந்த உடம்புகளை மேசைமேல் பார்த்துப் பார்த்து, சாலையையே சரிசெய்யச் சொல்லி 2012-இல் நீதிமன்றத்துக்குப் போனவர். தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு தமிழ் மருத்துவரின் மனுவால் கிடைத்த இந்த உரிமையை முதலில் நம் ஊரிலேயே செயல்படுத்திக் காட்ட வேண்டாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். முழங்கால் தேய்ந்த முதியவர்கள் பலரும், வயிற்றுப் பிள்ளைக்காரிகளும், கைவண்டியில் குழந்தையைத் தள்ளிவரும் தாய்மார்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. சாய்தளம் இருக்கும் இடத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். படியை விட்டுவிட்டு அதில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் நல்ல கால் உள்ளவர்கள்தான்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவில் சக்கர நாற்காலிக்கென ஏறத்தாழ 50 வழிகளைத் தேர்ந்து, எல்லாருக்கும் ஏற்றது, பலருக்கு ஏற்றது, சிலருக்கு ஏற்றது என்று மூன்றாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த நேர்மை. சரிவு எவ்வளவு, அகலம் எவ்வளவு, தளம் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். பாதிவழி போய்த் திரும்பும் வலி இருக்காது. நம் ஏரிக்கரை வாசலில் ஒரு தகரப் பலகையில் இந்த மூன்று அளவையும் எழுதிவைக்க எத்தனை ரூபாய் ஆகும்?

யாரிடம் கேட்பது

ஏரி நீர்வளத் துறையுடையது. தெரு மாநகராட்சியுடையது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. கரைமேல் பாதையை ஒருவர் நன்றாகப் போட்டாலும், கரையடியில் அவருடைய எல்லை முடிந்துவிடும். நடப்பவருக்கு அந்த எல்லைகள் தெரிவதில்லை. வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் அவருக்கு அது ஒரே பாதை. நடுவில் எங்கே அறுந்தாலும் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இணைத்துப் பேச இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. சிட்லபாக்கம் பேரூராட்சியாக இருந்தது போய், 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஏரிகள் பலவும் ஒரே மன்றத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமரலாம். சாய்தளத்தின் சரிவு சரியா என்று காகிதத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். எந்தக் கரைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் வரைபடத்தை அவர்கள் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஒருவர் சக்கர நாற்காலியில் தனியாக ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை என்று எழுதிவிடுங்கள்.

மண்வெட்டியோடு ஏரியில் இறங்கிய ஊர் இது. ஏரியை மீட்கத் தெரிந்தவர்களுக்கு 27 மீட்டர் சாய்தளம் பெரிய வேலை இல்லை. உங்கள் வீட்டில் நாற்காலியில் இருப்பவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஏரிவரை போங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் ஓர் அளவுநாடாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையின் உயரம், வாசலின் அகலம், வழியில் சக்கரம் மாட்டும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்து வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்துவைத்து, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

எங்கள் கரைக்கான மனு போன வாரம் போய்விட்டது. உயரம் 2 மீட்டர், சாய்தளம் 24 மீட்டர், இளைப்பாறும் தளம் இரண்டு, வாசல் அகலம் 90 சென்டிமீட்டர். கீழே முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. இடது கையால் போட்டிருக்கிறார்.